அசல் வந்தாச்சா?

இதை எழுதலாமா, வேண்டாமா என்று பல வருஷம் எனக்குள்ளேயே இழுத்துக்கொண்டு கிடந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன். ஆனால் தயங்கியதற்குப் படிப்பு காரணம் இல்லை. பார்த்ததைப் பார்த்தபடி எழுதினால் முருகனின் மகிமையைக் குறைத்துவிட்டான் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற பயம். காலையில் நெற்றியில் விபூதி ஏறாமல் பச்சைத் தண்ணீர் பல்லில் படாத ஆள் நான். எனக்கு அந்தப் பேர் வேண்டாம் என்று சும்மா இருந்தேன்.

போன மாசம் என் மருமகள் போனில் வந்த ஒரு செய்தியைப் படித்துக் காட்டினாள். திருத்தணி மலையில் நடந்த அதிசயம் என்று தலைப்பு. கிருத்திகைக் கூட்டத்தில் ஒரு பெண் குழந்தை தொலைந்துபோயிற்றாம். மயில் ஒன்று பறந்துவந்து அதன் பாவாடையைக் கவ்வி இழுத்துக்கொண்டு போய்த் தாயிடம் சேர்த்ததாம். பாவாடை முடிச்சை அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே இருந்த தவிடு தங்கமாக மாறியிருந்ததாம். படிப்பவர்கள் உடனே எல்லோருக்கும் அனுப்ப வேண்டுமாம்.

"மாமா, இது நீங்க வேலை பாத்த எடம்தான? நெஜமா நடந்துச்சா?" என்று கேட்டாள்.

"மயிலை நான் பாக்கலம்மா. அந்தக் கொழந்தையைத் தோள்ல தூக்கினு போனவன் நான்தான்."

அவள் போனைக் கீழே வைத்துவிட்டாள். அன்றைக்குச் சொன்னதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

மலைக்கோயிலில் கடைநிலை ஊழியனாகச் சேர்ந்து, அதே வேலையிலேயே ஓய்வு பெற்றவன் நான். முதல் சில வருஷம் கூட்டினேன், கழுவினேன், வரிசைக்குக் கம்பு கட்டினேன், மழை வந்தால் சாக்கு விரித்தேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு கிருத்திகை நாட்களில் என்னை, சன்னதிக்குக் கொஞ்சம் கீழே இருந்த காணாமற்போனோர் கொட்டகையில் போட்டார்கள். அங்கேதான் முனிரத்தினம் ஐயா இருந்தார். ஒரு சொல்லுக்கு எத்தனை கனம் உண்டு என்பதை அவர்கூட இருந்துதான் தெரிந்துகொண்டேன்.

அந்தச் சொல் அசல்.

நாம் எல்லோரும் சொல்கிற சொல்தான். அசல் நெய் என்கிறோம். அசல் அவங்கப்பன் மாதிரியே நடக்கறான் என்கிறோம். நகல் எடுத்தாச்சா, அசலைக் குடு என்று தாலுகா ஆபீசில் கேட்கிறார்கள். இப்போது பிள்ளைகள் ஒரிஜினல் என்கிறார்கள், சொல்வது அதையேதான். முனிரத்தினம் ஐயா வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். தெலுங்கில் அதை அசலு என்பார்கள், பேச்சுக்குப் பேச்சு வரும். 'அசலு ராலேது' என்றால் வரவே இல்லை என்று அர்த்தம். அசலூர்க்காரன் என்று சொல்கிறோமே, அது வேறே சொல், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஐயாவே சொல்லியிருக்கிறார்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதை எங்களுக்குச் சொன்னவர் பாஷா. கொட்டகைக்கு மைக் செட் போடுகிறவர். கூட்டம் குறைந்த ஒரு மத்தியானம் ஒயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார்.

"அது எங்கூட்டுச் சொல்லுண்ணே. அரபியில அஸல்னா வேரு. மரத்துக்கு வேரு இருக்குல்ல, அது. அங்கிருந்து உருதுக்கு வந்து, நவாப்பு கச்சேரி வழியா உங்க வூட்டுக்குள்ள பூந்துகிச்சு. எங்க பள்ளிவாசல் ஹஜரத்து சொல்லிக் குடுத்தாரு."

"வேரா?" என்றார் முனிரத்தினம் ஐயா. அன்றைக்கு முழுவதும் அதையே இரண்டு மூன்று தடவை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

அவர் அந்தச் சொல்லை எங்கே பயன்படுத்துவார் என்று சொல்ல வேண்டும். கொட்டகையில் ஒரு பிள்ளை இருந்தால், வெளியே போய்த் திரும்பும்போதெல்லாம் கேட்பார்: "அசல் வந்தாச்சா?" பெற்ற தாயோ தகப்பனோ வந்தாச்சா என்று அர்த்தம். அக்கா, சித்தி, மாமா, பக்கத்து வீட்டுக்காரர் என்று யார் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாலும் பிள்ளையைக் கொடுக்க மாட்டார். உட்கார வைத்து மோர் கொடுப்பார், அவ்வளவுதான். பெற்றவர்கள் வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு படலைத் தாண்டிப் போனதும், நாற்காலியில் சாய்ந்து அந்த ஒரு சொல்லைச் சொல்வார். "அசல்." சாப்பிட்டு முடித்தவர் தண்ணீர் குடித்த மாதிரி இருக்கும் அதைக் கேட்பதற்கு.

அவருடைய முறைகளை இப்போது நினைத்தாலும் அழகாக இருக்கிறது. பிள்ளை வந்ததும் பேர் கேட்கக்கூடாது. முதலில் தண்ணீர், பிறகு ஒன்றுக்குப் போக வேண்டுமா என்று கேட்க வேண்டும். இரண்டு கையிலும் பொரி கொடுக்க வேண்டும். இரண்டு கையும் நிறைந்திருக்கிற பிள்ளை கொஞ்ச நேரம் அழாது, கண்ணைத் துடைக்கக் கை இல்லையே, அதனால். அழுகிற பிள்ளை முன்னால் சிரிக்கக்கூடாது, அதுக்குக் கோபம் வரும். பிள்ளை இருக்கும்வரை அவர் நாற்காலியில் உட்கார மாட்டார், பாயில்தான் உட்காருவார். ஊர் எது என்று கேட்க மாட்டார். "ஊட்ல சோறு யாரு ஊட்டுவாங்க?" என்பார். அதிலிருந்தே எல்லாம் வந்துவிடும்.

மைக்கில் சொல்லும்போது எல்லாவற்றையும் சொல்லிவிடக் கூடாது. "ஒண்ணை உள்ள வெச்சுக்கோ" என்பார். சட்டை நிறம் சொன்னால் காலில் கொலுசு இருப்பதைச் சொல்லாதே. கொலுசைச் சொன்னால் கையில் பச்சை குத்தியிருப்பதைச் சொல்லாதே. தேடி வருகிறவர் அதைச் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும்விட ஒன்று. இது உங்க அம்மாவா என்று பிள்ளையிடம் கேட்கவே கூடாது. பயந்த பிள்ளை எதற்கும் தலையாட்டும். பிள்ளையைப் படலுக்கு முதுகு காட்டி உட்கார வைப்பார். வந்தவரைப் பின்னால் நிறுத்தி, "ஊட்ல எப்டிக் கூப்புடுவீங்களோ அப்டிக் கூப்புடுங்க" என்பார். அந்தக் குரலுக்குப் பிள்ளை எப்படித் திரும்புகிறது என்று மட்டும் பார்ப்பார்.

இது எதற்கு என்று நான் சேர்ந்த புதிதில் புரியவில்லை. ஒரு ஆடிக் கிருத்திகையில் புரிந்தது. கொட்டகை நிறையப் பிள்ளைகள், எல்லாம் மொட்டை, எல்லாம் தலையில் சந்தனம். மணவூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் ஓடிவந்து ஒரு பையன் கையைப் பிடித்து, "தோ, இவந்தான், இவந்தான்" என்று இழுத்தார். பையனும் பிஸ்கட் தின்றுகொண்டே எழுந்தான்.

"கூப்புடுங்க" என்றார் ஐயா.

"இன்னாங்க கூப்புடறது, கையில கீறான்."

"பரவால்ல, கூப்புடுங்க."

"டேய் சீனு" என்றார் அவர். மூலையில் தூண்மேல் சாய்ந்திருந்த இன்னொரு மொட்டை, "நைனா" என்று எழுந்து ஓடிவந்தது. பிடித்திருந்த கையை அந்த மனிதர் மெதுவாக விட்டார்.

"காலைல வரைக்கும் முடி இருந்துச்சுங்க" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவர் போன பிறகு பாஷா மைக்கை அணைத்துவிட்டுச் சிரித்தார். ஐயா மட்டும், "அசல்" என்றார்.

இனி அந்தப் பெண் குழந்தை விஷயம்.

அதுவும் ஆடிக் கிருத்திகைதான். பொழுது சாய்வதற்குக் கொஞ்சம் முன்னால், பூ விற்கிற அம்மா ஒருத்தி நாலு வயசு இருக்கும் ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து விட்டாள். மஞ்சள் பாவாடை, மொட்டை, சந்தனம் பாதி காய்ந்து உதிர்கிறது. அழவில்லை. அதுதான் எங்களுக்கு முதலில் ஆச்சரியம். தன் வீட்டுக்கு வந்த மாதிரிப் பாயில் உட்கார்ந்து பொரி தின்றது.

"சோறு யாரு பாப்பா ஊட்டுவாங்க?"

"அக்கா."

"அக்காகூடவா வந்த?"

"அக்காவும் பாவாவும் கூட்டினு வந்தாங்க." எங்கள் பக்கம் அக்கா புருஷனைப் பாவா என்பார்கள்.

"அக்கா எங்க போனாங்க?"

"காணம். அக்காவுக்கு நீட்டா முடி இருக்கும். தேடினேன், காணம்."

"அப்பா பேரு இன்னா?"

"முருகன்."

"அம்மா பேரு?"

"வள்ளி."

"வூடு எங்க?"

பிள்ளை பொரிக் கையோடு மேலே காட்டியது. "மலை மேல."

பாவாடை இடுப்பில் ஒரு துணி முடிச்சு இருந்தது. ஐயா விரலால் அமுக்கிப் பார்த்து, கொஞ்சம் பிரித்துப் பார்த்தார். தவிடு. மறுபடி முடிந்துவிட்டு என்னைப் பார்த்தார். உள்ளே வைத்துக்கொள்ள வேண்டியது அது என்று புரிந்துகொண்டேன்.

"எங்கம்மாகூட என்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினேன்னு சொல்லும்" என்றார் பாஷா.

"குடுத்த தவிடு வீண்" என்றார் ஐயா. "மைக்கைப் போடு."

மஞ்சள் பாவாடை கட்டிய மொட்டை போட்ட பெண் குழந்தை, அப்பா பேர் முருகன், அம்மா பேர் வள்ளி என்று பாஷா அறிவித்தார். திருத்தணியில், கிருத்திகை அன்றைக்கு, முருகன் யார் என்று மைக்கில் கேட்டால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. முருகன்கள் வர ஆரம்பித்தார்கள். மோர் விற்கிற முருகன் வந்தார். வேன் ஓட்டுகிற முருகன் வந்தார். ஒரு முருகன் மனைவி வள்ளியையும் இடுப்பில் பிள்ளையையும் கூட்டிக்கொண்டே வந்தார். "இடுப்புல வெச்சுகினு எதுக்குய்யா வந்த?" என்று பாஷா கேட்டதற்கு, "பேரு சொல்லிக் கூப்டீங்களே, வராம இருந்தா நல்லாருக்குமா" என்றார். நரைத்த மீசையோடு ஒருவர், "எம் பொண்ணு காலேஜு படிக்குது. எதுக்கும் ஒரு எட்டு பாத்துடலாம்னு வந்தேன்" என்றார். பிள்ளை எல்லா முருகனையும் பார்த்துவிட்டு, "இவங்க இல்ல" என்றது.

வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. இருட்டுவதற்குள் ஜீப் வரும். அதுவரை பெற்றவர் வராத பிள்ளைகளை அதில் ஏற்றிக் கீழே காவல் நிலையத்துக்கு அனுப்பிவிட வேண்டும். அங்கிருந்து எங்காவது ஒரு விடுதிக்குப் போகும். போன பிள்ளையை வெளியூர்க்காரர் தேடிக் கண்டுபிடித்து மீட்பது எளிதில்லை.

அப்போதுதான் அவள் வந்தாள். அவளும் மொட்டை. ஈரப் புடவை. கன்னியம்மா என்று பேர் சொன்னாள். ஆர்.கே.பேட்டைக்கு அந்தப் பக்கம், தறி நெய்கிற குடும்பம். ஓடிவந்ததில் மூச்சு வாங்கியது.

"மஞ்சப் பாவாடைங்க. இடுப்புல ஒரு முடிச்சு இருக்கும். அதுல தவுடு."

நாங்கள் உள்ளே வைத்திருந்ததை வந்ததும் சொல்லிவிட்டாள். எனக்கு உயிர் வந்தது. ஐயா பிள்ளையை முதுகு காட்டி உட்கார வைத்து, "கூப்புடுங்க" என்றார்.

"ஏ மலைக்காரி."

பிள்ளை துள்ளித் திரும்பியது. முகமெல்லாம் மலர்ந்தது. அடுத்த நிமிஷம் அந்த மலர்ச்சி அப்படியே நின்றுபோயிற்று. நின்றது யாரோ ஒரு மொட்டைத் தலை அம்மா. பிள்ளை மறுபடி முதுகைக் காட்டிக்கொண்டது.

எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. முடிக் கொட்டகையில் இவள் கத்திக்குக் கீழே தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். எழுந்து நிமிர்ந்தபோது பிள்ளைக்கு அடையாளம் தெரியவில்லை. நீளமான முடி இருக்கிற அக்காவைத் தேடிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டது.

"பாப்பா, நீ திரும்பாத. அங்கியே பாத்துகினு இரு" என்றார் ஐயா. "நீங்க மறுபடி கூப்புடுங்கம்மா."

"மலைக்காரி. ஏ மலைக்காரி."

"அக்கா, எங்க கீற?" என்றது பிள்ளை, சுவரைப் பார்த்தபடியே.

"தோ கீறேன்."

பிள்ளை திரும்பவில்லை. ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டியது. அவள் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு கொடுத்தனுப்பியிருப்பார்கள். முனிரத்தினம் ஐயா கேட்டார்: "பாப்பா உங்களுக்கு இன்னா ஆவணும்?"

அவள் பிள்ளையின் தலையில் காய்ந்திருந்த சந்தனத்தை விரலால் தட்டிவிட்டாள்.

"அக்காங்கறா. நீங்க அக்காவா?"

"அவ அப்டித்தாங்க கூப்புடுவா."

"பெத்தவ எங்க?"

அவள் மலை உச்சியைப் பார்த்தாள். "அவங்க அப்பன் ஆத்தா மேல கீறாங்க."

"அப்ப அவங்களை வரச் சொல்லுங்க. எத்தனை நேரம் ஆனாலும் நான் ஒக்காந்துகினு இருக்கேன். அக்கா கையில குடுக்கற பழக்கம் எனக்கு இல்ல. அசலு வரணும்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை சத்தமாக வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. பிள்ளை அந்த மொட்டைத் தலையைத் தொட்டுப் பார்த்தது. ஐயா பாஷாவிடம் கையைக் காட்டினார். பாஷா மைக்கை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

"சொல்லுங்கம்மா" என்றார் ஐயா. அவரும் பாயில் உட்கார்ந்தார்.

"முன்ன ரெண்டு தங்கலைங்க" என்றாள் கன்னியம்மா. "எம்புள்ள, எம்புள்ளனு கொஞ்சுவேன். பல்லு மொளைக்கறதுக்குள்ள போயிடும். இவ வயித்துல இருக்கசொல்லவே மலையைப் பாத்துச் சொல்லிட்டேன். இது எனக்கு வாணாம், உன்னுது. நான் பாத்துக்கறேன். மொட்டை போட்டு, தவுடு குடுத்து, உங்கிட்ட இருந்து வாங்கினு போறேன். அது வரைக்கும் அந்த வார்த்தை எங்க வாயில வராது. அதுக்குத்தான் நான் அக்கா, எங்க வூட்டுக்காரரு பாவா. அவரும் சொல்லமாட்டாரு, காவடி எடுத்துகினு வரிசைல நிக்கறாரு. மொட்டை ஆயிடுச்சு. தவுடு இன்னும் குடுக்கலைங்க."

"அப்ப நீதான் பெத்தவ."

"நீங்க சொல்லலாங்க. நான் சொல்லக்கூடாது. சொல்லி இதுக்கும் எதுனா ஆச்சுனா நான் இன்னா பண்ணுவேன்?"

வெளியே ஜீப் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. ஐயாவின் காதருகில் போய், "தெரிஞ்சுபோச்சே ஐயா, குடுத்துடலாமே" என்றேன்.

"தெரிஞ்சது உனக்கும் எனக்கும். அந்தம்மா வாயால வரலியே. வராம குடுத்தா நான் இத்தனை நாள் பாத்த வேலைக்கு அர்த்தம் இல்ல. மெரட்டி வரவெச்சா, நாளைக்குப் பாப்பாவுக்கு ஒரு ஜுரம் வந்தாகூட இந்தம்மா என்னத்தான் நெனைக்கும்." பிறகு பிள்ளையைப் பார்த்துக் கேட்டார்.

"பாப்பா, உங்கப்பா பேரு இன்னா சொன்ன?"

"முருகன்."

"எங்க கீறாரு?"

"மேல."

"அசலு இருக்கற எடம் தெரிஞ்சப்புறம் இங்க ஒக்காந்துகினு இன்னா பண்றோம்? ஏகாம்பரம், தூக்கு" என்றார் என்னிடம்.

ஜீப் ஓட்டி வந்தவர் படலுக்கு வெளியே நின்று, "ஏதாவது புள்ளை இருக்கா ஐயா?" என்று கேட்டார்.

"ஒண்ணு இருந்துச்சு. அப்பா இருக்கற எடம் தெரிஞ்சுடுச்சு. ஒப்படைக்கத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டு ஐயா நடந்தார். ஒரு வார்த்தை பொய் இல்லை அதில்.

திருவிழா நாளில் கொட்டகையை அப்படியே விட்டுவிட்டு அவர் சன்னதிப் பக்கம் போனதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிள்ளை என் தோளில். கன்னியம்மா பின்னால் வந்தாள், பிள்ளையின் குதிகாலைப் பிடித்தபடி. வழியெல்லாம் பூக்காவடி, கால் வைக்க இடமில்லை, அரோகரா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. கொடிமரத்துக்குப் பக்கத்தில் காவடியோடு ஒருவர் நின்றிருந்தார். பிள்ளை என் தோளிலிருந்து, "பாவா" என்று கத்தியது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. காவடியை இறக்கக்கூடாது, துடைக்கவும் முடியவில்லை.

ஊழியர்கள் போகிற பக்கமாக எங்களை உள்ளே விட்டார்கள். குருக்களுக்கு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தவிட்டு முடிச்சைப் பார்த்ததும் வாங்கிப் பிரித்துத் தட்டில் வைத்து, கர்ப்பக்கிரகத்தில் காட்டிக் கொண்டுவந்தார். குங்குமத்தைப் பிள்ளையின் நெற்றியில் வைத்தார்.

"எடுத்துக்கோம்மா. சாமி குடுத்துட்டார்."

என் தோளிலிருந்து பிள்ளையை அவள் வாங்கினாள். எல்லோரும் சாமியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஐயா மட்டும் அந்தப் பெண்ணின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம் பொண்ணு" என்றாள். மிகவும் மெதுவாக, சூடான பாலை உதட்டில் வைத்துப் பார்க்கிற மாதிரி. கொஞ்சம் நிறுத்தினாள். ஒன்றும் ஆகவில்லை. பிள்ளை அவள் காதைத் திருகிக்கொண்டிருந்தது. "எம் பொண்ணு. எம் பொண்ணுங்க இது" என்று எங்களைப் பார்த்தும், பக்கத்தில் நின்ற யார் யாரையோ பார்த்தும் சொன்னாள்.

"அக்கா, இன்னாத்துக்கு அழுவற?" என்றது பிள்ளை.

"அம்மானு சொல்லுடி. இனிமே அம்மானு சொல்லு."

பிள்ளை அவளை ஒரு மாதிரி பார்த்தது. பிறகு வள்ளியம்மன் சன்னதிப் பக்கம் கையை நீட்டியது. "அம்மா அங்க கீறாங்க."

குருக்கள் சிரித்துவிட்டார். கன்னியம்மாவும் அழுதுகொண்டே சிரித்தாள். நாலு வருஷமாக அவள் சொல்லிக்கொடுத்த பாடம், பிள்ளை சரியாகத்தான் சொன்னது. "வுடும்மா" என்றார் ஐயா. "ஊட்டுக்குப் போற வழில வந்துடும்."

இறங்கி வரும்போது அவர் அந்தச் சொல்லைச் சொல்வார் என்று காத்துக்கொண்டே வந்தேன். சொல்லவில்லை. கொட்டகைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார், அப்போதும் சொல்லவில்லை. நானே கேட்டுவிட்டேன்.

"இன்னா ஐயா, அசல்னு சொல்லலியே?"

"பாதிதான் வந்துகீது, ஏகாம்பரம்" என்றார். "அவ கூப்டா. இது இன்னும் கூப்புடலியே."

அடுத்த ஆடிக் கிருத்திகை. வெயில் நேரம். அதே கொட்டகை, அதே பாய். ஒரு பெண் குழந்தை தன்னால் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. இரட்டைப் பின்னல் போடுகிற அளவுக்கு முடி வளரவில்லை, இருந்ததை இழுத்து ரிப்பன் கட்டியிருந்தார்கள். வந்ததும் பாயில் உட்கார்ந்தது.

"எங்கம்மா காணாம போயிட்டாங்க. மைக்ல கூப்புடுங்க."

எனக்கு அப்போதும் அடையாளம் தெரியவில்லை. பாஷாவுக்கும் தெரியவில்லை. ஐயா நாற்காலியிலிருந்து எழுந்து பாயில் உட்கார்ந்தார்.

"எப்டி இருப்பாங்க உங்கம்மா?"

"பச்சப் பொடவை. முடி இம்மாத்தம்தான் இருக்கும்." தோள்வரை கையை வைத்துக் காட்டியது.

"பேரு?"

"கன்னியம்மா."

ஐயா என்னைப் பார்த்தார். நான் பாஷாவைப் பார்த்தேன். பாஷா மைக்கைப் போட்டார். கன்னியம்மா என்பவர் காணாமல் போய்விட்டார், அவருடைய மகள் கொட்டகையில் காத்திருக்கிறாள் என்று அறிவித்தார். வெளியே போகிற ஜனம் சிரித்ததும் எங்களுக்குக் கேட்டது.

அவள் ஓடிவந்தாள். படலுக்குள் கால் வைக்குமுன் ஐயா கையைக் காட்டி நிறுத்தினார்.

"அங்கியே நில்லும்மா. அந்தப் பக்கமா திரும்பு. முதுகைக் காட்டினு நில்லு."

அவளுக்குப் புரிந்துவிட்டது. திரும்பி நின்றாள். கை இரண்டும் முந்தானையைப் பிடித்துக்கொண்டன.

"பாப்பா, நீ கூப்புடு."

பிள்ளை எழுந்து நின்று, கூட்டத்தில் கூப்பிடுகிற மாதிரி வாய்க்குப் பக்கத்தில் கையைக் குவித்துக்கொண்டு கூப்பிட்டது.

"அம்மா."

அவள் எப்படித் திரும்பினாள் என்று எழுத எனக்கு வரவில்லை. அவள் உட்கார்ந்து பிள்ளையை வாரிக்கொண்டதையும், பிள்ளை அவளை, "எங்க போன நீ? கைய வுடாதனு சொன்னேன்ல?" என்று திட்டியதையும் எழுதலாம். இரண்டு பேரும் படலைத் தாண்டிப் போனார்கள். முனிரத்தினம் ஐயா பாயிலிருந்து எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்தார்.

"அசல்" என்றார்.

ஐயா காலமாகிப் பல வருஷம் ஆகிறது. மைக் செட்டை இப்போது பாஷாவின் மகன் பார்த்துக்கொள்கிறான். பிள்ளைகள் கையில் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டிவிடுகிறார்கள். தொலைந்தால் ஒரு போன், உடனே பெற்றவர் வந்துவிடுகிறார்கள். நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கிருத்திகை அன்றைக்கு மலைக்குப் போய் மைக் சத்தம் கேட்டால், பாயில் உட்கார்ந்து பொரி அள்ளுகிற அந்தக் கை எனக்கு ஞாபகம் வரும். அந்தப் பெண் இப்போது தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறாள். எந்த ஊருக்குக் கல்யாணமாகிப் போனாள் என்று நான் எழுதப்போவதில்லை. கன்னியம்மா என்பதும் அவள் தாயின் நிஜப் பேர் இல்லை.

முருகன் எங்கே வந்தான் இதில் என்று என் மருமகள் கேட்டாள். எனக்குத் தெரிந்தவரை அவன் வரவில்லை. அவன் இருந்த இடத்துக்கு நாங்கள்தான் போனோம். பிள்ளையைக் கேட்டோம், கொடுத்தான். கும்பிடுவதற்கு எனக்கு அது போதும்.

படித்தவர்கள் இதை யாருக்காவது சொல்வதாக இருந்தால் ஒரே ஒரு வேண்டுகோள். மயிலைச் சேர்க்காதீர்கள், எங்கள் கொட்டகைப் பக்கம் மயில் வரவில்லை. வந்து போன முருகன்களை விட்டுவிடாதீர்கள், அவர்களும் வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். பிள்ளை வள்ளியம்மன் பக்கம் கை காட்டியதையும், காவடிக்காரர் கண்ணைத் துடைக்க முடியாமல் நின்றதையும் நான் எழுதியபடியே சொல்லுங்கள். முடிச்சை நானும் பார்த்தேன், ஐயாவும் பார்த்தார், குருக்களும் பார்த்தார். உள்ளே இருந்தது தவிடு. அதைத் தவிடு என்றே சொல்லுங்கள்.